அப்பாவோட தலையணையும் அந்தப் பாதி மாத்திரையும்

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயசு, சின்ன வயசுலருந்தே லேசா ஆஸ்துமா உண்டு. அப்பா தவறி ஏழு மாசம் ஆச்சு. சிங்கப்பூர்ல செம்பவாங் ஷிப்யார்ட்ல 30 வருஷம் வெல்டரா இருந்தவர், கடைசி வரைக்கும் ஈசூன்ல மூணு ரூம் வீட்ல தனியாத்தான் இருந்தாரு. அந்த வீட்டை வித்தாச்சு, ஆறு வாரத்துல சாவி கொடுக்கணும். வாராவாரம் போய் அலமாரியத் திறக்கிறேன், கோடாலித் தைலம் வாசம் அடிக்கிற சட்டைய மோந்து பாத்து அழுறேன், மூடிட்டு வந்துடுறேன். அவரோட தலையணையும் கைலியும் எடுத்துட்டு வந்து அதுலதான் படுக்கிறேன். ராத்திரி மூணு மணிக்கு நெஞ்ச இறுக்கிப் பிடிச்ச மாதிரி முழிப்பு வந்துடுது. சில நாள் அவர் சாவி போட்டுக் கதவத் திறக்கிற சத்தம் கேக்குது. அவர் டிராயர்ல லோராஸெபாம்னு தூக்க மாத்திரை இருந்துச்சு, பை மேல மார்க்கர்ல 'தூக்கத்துக்கு, பாதி'ன்னு எழுதி வச்சிருந்தாரு, ஒரு மாசமா தினமும் அதுல பாதி போட்டுக்கிறேன். தும்மலுக்கு கடையில வாங்குற மாத்திரையும் சேத்துப் போடுறேன். அண்ணன் பழைய சாமான் எடுக்கிற காராங்குனியக் கூப்பிட்டு எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துடுன்றான். அத்தை என்னடான்னா, செத்தவங்க துணிய வீட்ல வச்சா ஆகாதுன்றாங்க. எனக்கு மனநோய் எதுவும் ஆரம்பிக்குதா?

பதில்: சகோதரி, உங்க கடைசிக் கேள்விக்கே முதல்ல பதில் சொல்லிடுறேன், அந்தப் பயத்தோடயே இதைப் படிக்க வேணாம். நீங்க எழுதினதுல மனநோய்னு எனக்கு எதுவும் தெரியல. அப்பா சட்டைய மோந்து பாக்கிற மகளுக்கு வைத்தியம் தேவையில்ல. ஆனா உங்க நெஞ்சுக்கும் மூச்சுக்கும் தேவை, அதைத் தள்ளிப் போட முடியாது.

முதல்ல அந்த மூணு மணி முழிப்பு. துக்கத்துல தூக்கம் கெடுறது சகஜம்தான், நீங்களும் அப்படித்தான் நினைச்சிருக்கீங்க, ஆனா ஆஸ்துமா உள்ளவங்களுக்கு மூச்சுக்குழாய் ரொம்பச் சுருங்குற நேரமே விடியக்காலம் மூணு, நாலு மணிதான். அது கூட அப்பாவோட தலையணை வேற இருக்கு. பல வருஷம் ஒருத்தர் தலை வச்ச தலையணைக்குள்ள தூசிப் பூச்சி நிறைய இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, நம்ம உடம்புலருந்து உதிர்ற தோல் துகளைத் தின்னுதான் அது வாழுது. சிங்கப்பூர்ல வருஷம் பூரா காத்துல ஈரப்பதம் 80 சதவீதம் பக்கம் நிக்குது, அந்தப் பூச்சிக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. அதோட கழிவுதான் நம்ம மூச்சுக்குழாயச் சுருக்கிப் பிடிக்குது. ஏழு மாசமா நீங்க அதுல முகத்தப் புதைச்சுப் படுத்திருக்கீங்கம்மா.

தலையணைய இன்னிக்கே தூக்கிப் போடுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. கட்டில்லருந்து எடுத்து, பெரிய பிளாஸ்டிக் பையில போட்டு, வாயக் கட்டி வைங்க. போடுறதா வேணாமான்னு அப்புறமா முடிவு பண்ணிக்கலாம். கைலிய 60 டிகிரி சுடுதண்ணில துவைச்சுடுங்க, நல்லா வெயில்ல காயட்டும், அதுக்கப்புறம் தாராளமா போத்திக்கலாம். சில பேர் துணிய பிரீசர்ல வைக்கச் சொல்வாங்க, பூச்சி செத்துடும், நிஜம்தான், ஆனா கழிவு அப்படியே துணிலயே இருக்கும், அதனால துவைக்காம தீராது.

அப்படியே பாலிகிளினிக் போய் மூச்சு ஊதிப் பாக்கிற டெஸ்டும் ஒரு ஈசிஜியும் எடுத்துடுங்க. நெஞ்சு இறுக்கம்னா ஆஸ்துமாதான்னு நானே முடிவு கட்டிட முடியாது, 46 வயசுல இதயத்தையும் பாத்துடணும். பெரிய துக்கத்துல இதயத் தசை திடீர்னு பலவீனமாகிப் போற ஒரு நோய் இருக்கு, 1990ல ஜப்பான் டாக்டர்கள் எழுதினாங்க, ஆக்டோபஸ் பிடிக்கிற பானை மாதிரி இதயம் உப்பிப் போறதால அந்தப் பானையோட பேரையே, தக்கோட்சுபோன்னு, நோய்க்கும் வச்சாங்க. மாதவிடாய் நின்ன பெண்களுக்குத்தான் அதிகம் வருது. உங்களுக்கு அது இருக்குன்னு சொல்ல வரல, துக்கம் மனசோட மட்டும் நிக்கிறதில்லன்னு தெரிஞ்சுக்கத்தான் சொல்றேன். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினா, வியர்த்துக் கொட்டினா, இன்ஹேலர் அடிச்சும் மூச்சு அடங்கலன்னா, விடியட்டும்னு காத்திருக்காம 995ல ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க.

இப்ப மாத்திரை. இதுல கண்டிப்பாத்தான் பேசப்போறேன், கோவிச்சுக்காதீங்க. லோராஸெபாம் உங்க அப்பாவோட வயசு, கிட்னி, ரத்த அழுத்தம் எல்லாம் பாத்து ஒரு டாக்டர் அவருக்குக் கொடுத்தது. மூச்சு சரியில்லாத நீங்க, தும்மலுக்கு மயக்கம் வர்ற மாத்திரையும் போட்டு, அதுக்கு மேல இதையும் போட்டா, மூச்சு வாங்குற வேகமே குறைஞ்சு போற ஆபத்து இருக்கு. தும்மல் மாத்திரையோட சேத்துப் போடுறத இன்னிக்கே நிறுத்திடுங்க. ஆனா லோராஸெபாமை மட்டும் படக்குன்னு நீங்களா நிறுத்தாதீங்க. ஒரு மாசம் தினமும் போட்டதால உடம்பு பழகியிருக்கும், ஒரேயடியா விட்டா தூக்கம் இன்னும் மோசமாகும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரும். டாக்டர்கிட்ட நடந்ததை உள்ளபடி சொல்லுங்க, திட்ட மாட்டாங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு விட வழி சொல்வாங்க. இந்த வாரத்துக்குள்ள போங்க.

இன்னொண்ணு கேக்கணும். பையில 'பாதி'ன்னு எழுதியிருந்துச்சு, நீங்களும் பாதிதான் போட்டீங்க. ஒரு மாசமா, ஒரு நாள் கூட முழுசா போடல. என்னோட கிளினிக்குக்கு வர்றவங்க யாரும் தூக்க மாத்திரைய இவ்வளவு ஒழுங்கா போட்டு நான் பாத்ததில்ல. ராத்திரி படுக்கப் போகும்போது அப்பா கையெழுத்தப் படிச்சு, அவர் சொன்னபடி கேட்டுட்டுப் படுக்குறீங்க, எனக்கு அப்படித்தான் தோணுது. தூக்கம் மாத்திரையில பாதி வந்திருக்கும், அந்த எழுத்துல மீதி வந்திருக்கும். அது சரின்னா, உங்களுக்கு வேண்டியது அந்தப் பைதான், உள்ள இருக்கிற மாத்திரை இல்ல.

சாவி சத்தத்துக்கு வர்றேன். வேல்ஸ்ல ரீஸ்னு ஒரு குடும்ப டாக்டர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேர்கிட்ட போய்ப் பேசி, 1971ல அதை எழுதினாரு. கிட்டத்தட்ட பாதிப்பேர், அவங்க பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு, குரல் கேக்குது, உருவம் தெரியுதுன்னு சொன்னாங்க, அப்படிச் சொன்னவங்கள்ல முக்கால்வாசிப்பேர் அதுவரைக்கும் வெளிய யார்கிட்டயும் சொன்னதே இல்ல. நம்ம வீடுகள்ல மட்டும் என்ன, பாட்டி கனவுல வந்தாங்க, வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லாத குடும்பம் உண்டா? அந்தக் குரல் உங்களைத் திட்டுது, ஏதாவது செய்யச் சொல்லுது, நீயும் வந்துடுன்னு கூப்பிடுதுன்னா அது வேற விஷயம், உடனே ஆள் தேடணும். சாவி சத்தம் மட்டும்னா பயப்பட ஒண்ணுமில்ல, அத்தனை வருஷம் கேட்ட காது அது.

ஏழு மாசம் ஆச்சேன்னு கணக்குப் போடுறீங்க. நீடிச்ச துக்கம்னு ஒரு நோய மருத்துவத்துல இப்ப ஒத்துக்கிறாங்க, உலக சுகாதார நிறுவனம் ஆறு மாசத்துக்கு மேலன்னு சொல்லுது, அமெரிக்க மனநல டாக்டர்கள் பெரியவங்களுக்கு பன்னிரண்டு மாசம்னு வச்சிருக்காங்க. காலண்டர மட்டும் பாத்து யாரும் இதை முடிவு பண்றதில்ல. வேலைக்குப் போக முடியல, சாப்பிட முடியல, அவர் போயிட்டார்ன்றதையே மனசு ஏத்துக்க மாட்டேங்குது, வாழ்றதுல அர்த்தமே இல்லன்னு நாள் பூரா ஓடுது, இப்படி இருந்தா கண்டிப்பா மனநல டாக்டரப் பாருங்க, அதுக்குன்னே பேச்சு சிகிச்சை இருக்கு. ராத்திரி தனியா தாங்க முடியலன்னா 1767 உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், 1771ம் இருக்கு. நம்பரை ஃபோன்ல போட்டு வச்சுக்குங்க.

அலமாரி பக்கம் வரலாம். சட்டைய மோந்தா ஏன் அப்படி உடைஞ்சு போறோம்னா, பாக்கிறது கேக்கிறது எல்லாம் மூளைக்குள்ள தாலமஸ்னு ஒரு இடத்தைச் சுத்திட்டுதான் போகும், வாசனை மட்டும் அந்தச் சுத்து இல்லாம, நினைவையும் உணர்ச்சியையும் பாத்துக்கிற இடத்துக்கு நேரா போயிடும். யோசிக்கிறதுக்கு முன்னாடியே அப்பா வந்து நிப்பாரு. சட்டைல இருக்கிறது கோடாலித் தைலம்னு எழுதியிருக்கீங்க. அது சிங்கப்பூர்ல 1928லருந்து வர்ற தைலம், தேக்காவுல எந்தக் கடைலயும் கிடைக்கும். சட்டைலருந்து வாசம் போயிடுமேன்னு தவிக்கிறீங்களே, அதுல பெரும்பாதி ஒரு சின்ன பாட்டில்ல இருக்கும்மா. மூடியத் திறந்து கொஞ்சம் தள்ளி வச்சு மோந்து பாருங்க போதும், மூக்குகிட்ட தேய்க்காதீங்க, உங்க மூச்சுக்கு அது காரம். மீதி, அது அப்பாவோட வேர்வை வாசம், அதுக்கு ஒரே ஒரு சட்டைய துவைக்காம ஜிப் பையில காத்து இல்லாம மூடி வைங்க. என்னிக்காவது ஒரு நாள் அதுவும் மங்கிடும், அதை மறைச்சு உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

அதனால இன்னொரு சட்டையும் எடுத்துக்குங்க, வேலைக்குப் போட்ட சட்டை. வெல்டர் சட்டைன்னா கைமுட்டி, நெஞ்சுப் பக்கம் எல்லாம் குண்டூசில குத்தின மாதிரி குட்டிக் குட்டி ஓட்டை இருக்கும், ஓரம் கருகி விறைப்பா, பொறி தெறிச்சு விழுந்த இடம். விரல வச்சுத் தடவிப் பாருங்க. அதை எத்தனை தடவ வேணா துவைக்கலாம், வாசம் போகும், ஓட்டை போகாது. 30 வருஷம் உங்களுக்குச் சோறு போட்டது அதுலதான் எழுதியிருக்கு.

ஆறு வாரம் போதும். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல வேணாம், காலைல சாப்பிட்டுட்டுப் போங்க, மாஸ்க் போடுங்க, ஜன்னல் எல்லாம் திறந்து வைங்க, துடைப்பம் வேணாம் ஈரத்துணி வச்சுத் துடைங்க, இன்ஹேலர் பாக்கெட்லயே இருக்கட்டும். அலமாரில ஆரம்பிக்காதீங்க. இதுவரைக்கும் அதைத்தான் முதல்ல திறக்குறீங்க, அதான் எதுவும் நகர மாட்டேங்குது. பாத்ரூம்ல ஆரம்பிங்க, அப்புறம் கிச்சன், பிளாஸ்டிக் பை, காலி டப்பா, மனசு ஒட்டாத சாமான் முதல்ல போகட்டும். பேப்பரை மட்டும் அவசரப்பட்டுப் போடாதீங்க, பாஸ்புக், சிபிஎஃப் சேமநிதிக் கடிதம், ஊர்லருந்து வந்த நீலக் கடுதாசி எல்லாம் ஒரு பெட்டில போட்டு வைங்க, பின்னாடி படிச்சுக்கலாம். லோராஸெபாம் தவிர அப்பாவோட மிச்ச மாத்திரை எல்லாத்தையும் பேப்பர்ல சுத்தி, வெளிய தெரியாத பையில கட்டி குப்பைல போடுங்க, டாய்லட்ல கொட்டாதீங்க. ஊசி ஏதாவது இருந்தா கெட்டியான சோப்பு பாட்டில்ல போட்டு மூடிய டேப் ஒட்டி இறுக்கிடுங்க, குப்பை அள்ற தொழிலாளி கையில குத்திடக் கூடாது.

எதை வச்சுக்கிறதுன்றத மட்டும் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க. என் அப்பா போனப்ப நான் டாக்டர்ன்ற நெனப்புல எல்லாத்தையும் சுத்தமா முடிக்கணும்னு, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே பத்துப் பன்னிரண்டு கறுப்புப் பையில கட்டி கீழ இறக்கிட்டேன். கார் பூட்ல கிடந்த அவரோட குடை ஒண்ணுதான் தப்பிச்சுது. ஒரு கம்பி ஒடிஞ்சிருக்கு, விரிக்க முடியாது, இன்னும் பூட்லதான் இருக்கு. அவர் கையெழுத்து என்கிட்ட ஒரு வரி கூட இல்ல. அது இன்னிக்கும் வலிக்குது.

அண்ணனைக் கல்நெஞ்சுன்னு நினைச்சுடாதீங்க. சில ஆம்பளைங்க அழுகைய வேலையாத்தான் பண்ணுவாங்க, மூட்டை கட்டுறது, லாரிக்குச் சொல்றதுன்னு. அவர்கிட்ட கிச்சனையும் கனமான சாமானையும் விட்டுடுங்க, அலமாரிய நீங்க பாத்துக்குங்க, காராங்குனிக்கு ஃபோன் போடுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அவருக்கும் ஒரு சாமான் எடுத்துக் கொடுங்க, வேணாம்பாரு, கொடுங்க. அத்தை சொல்றதையும் நான் தள்ளிப் பேச மாட்டேன், அவங்களுக்கு அது நம்பிக்கை. மருத்துவத்துல சொன்னா, துவைச்சுக் காய வச்ச துணியால யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல. போட்டுக்கிற நிலைல இருக்கிற மத்த துணிய தேவைப்பட்டவங்களுக்குக் கொடுத்துட்டீங்கன்னா அத்தைக்கும் மனசு ஆறும்.

பாலிகிளினிக் போகும்போது அந்த லோராஸெபாம் பைய அப்படியே எடுத்துட்டுப் போங்க, எத்தனை மில்லிகிராம், எத்தனை மிச்சம்னு டாக்டர் பாக்கணும். மாத்திரைய என்ன பண்றதுன்னு அவங்க சொல்வாங்க. பைய மட்டும் மறக்காம திருப்பிக் கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க.