நீர்மூழ்கியைவிட மெதுவான ஃபிளவர் வகைக் கொர்வெட்டுகளைப் பிரிட்டன் ஏன் கட்டியது?

இரண்டாம் உலகப் போரில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்ற சிறு போர்க்கப்பலே கொர்வெட். மணிக்கு 16 கடல்மைல் மட்டுமே ஓடக்கூடிய இக்கப்பல், நீர்மட்டத்தில் 17 கடல்மைல் வேகத்தில் தப்பும் ஜெர்மானிய நீர்மூழ்கியைத் துரத்திப் பிடிக்க இயலாது என்பது உண்மையே. ஆயினும் 1939இல் பிரிட்டனின் அவசரத் தேவை வேகமன்று, எண்ணிக்கை. திமிங்கில வேட்டைக் கப்பலான ‘சதர்ன் பிரைடை’ அடியொற்றி வில்லியம் ரீட் இதை வடிவமைத்ததால், போர்க்கப்பல் கட்டிப் பழகாத சிறு தளங்களும் கனடாவின் தளங்களும் எளிய நீராவி எஞ்சினையும் ஒற்றை உந்துவிசிறியையும் பொருத்தி 200க்கும் மேற்பட்டவற்றைக் கட்ட முடிந்தது. நீருக்கடியில் நீர்மூழ்கியின் வேகம் 8 கடல்மைலைக்கூட எட்டாது. எனவே அதை மூழ்கவைத்து, ஒலியலைக் கருவியால் தேடி, ஆழ்நீர்க் குண்டுகளால் தாக்குவதற்கு இக்கப்பலின் வேகம் போதுமானதாக இருந்தது. அட்லாண்டிக் அலைகளில் இவை உருண்ட உருளலில் மாலுமிகள் பட்ட பாடு தனிக்கதை. எஞ்சியிருக்கும் ஒரே கப்பலான ‘சாக்வில்’ கனடாவின் ஹாலிஃபாக்ஸில் உள்ளது.