பிளக்கை வெட்டுவதற்கு முன்னால்

தம்பி, இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கியிருக்கிறீர்கள், அதன் பிளக் அடுக்களை அலமாரியின் ஓட்டைக்குள் நுழையவில்லை. வெட்டிவிட்டு வேறு பிளக் போடலாமா, கோவையிலிருந்து கொண்டுவந்த மிக்சிக்கும் அப்படியே செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மெஷினை விடுங்கள், ஓட்டையைப் பெரிதாக்குங்கள். டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம் ஒன்று இருந்தால் ஐந்து நிமிட வேலை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிளக்கை மாற்றுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் நாளைக்கே மெஷின் பழுதாகித் திருப்பிக் கொடுக்கப் போனால், வெட்டிய வயரைப் பார்த்துக் கடைக்காரர் முகம் சுளிப்பார்.

ஊரில் பிளக் என்றால் மூன்று கம்பி, அவ்வளவுதான். இங்கே அதற்குள் ஒரு ஃப்யூஸ் இருக்கிறது. இந்த ஊர் வீடுகளில் பெரும்பாலும் சுவர் சாக்கெட்டுகளை வளையமாக இணைத்து, மொத்தத்துக்கும் 32 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றைத்தான் வைத்திருப்பார்கள். உங்கள் மிக்சியின் மெல்லிய வயர் அத்தனை கரண்ட்டைத் தாங்காது. பிரேக்கர் விழுவதற்குள் வயர் கருகிவிடும். அதைக் காப்பாற்றுவது பிளக்கில் இருக்கும் அந்தச் சின்ன ஃப்யூஸ்தான். கடையில் வாங்கும் புதுப் பிளக்கில் பெரும்பாலும் 13 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கும். பாத்திர மெஷினுக்கு அது சரி. 750 வாட் மிக்சி மூன்று ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும், அதற்கு 5 ஆம்பியர் வாங்கிப் போடுங்கள்.

ஒரு காலத்தில் இங்கே சாமான்கள் பிளக் இல்லாமல் மொட்டை வயரோடுதான் வரும். பிளக்கோடுதான் விற்க வேண்டும் என்ற விதி 1994இல் வந்தது. அந்தக் காலப் பழக்கத்தால்தான் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசிக்கொண்டே ஒரு பிளக்கை மாட்டி முடித்துவிடுவார். எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். மூடியைக் கழற்றி, நீளமான கம்பி மேலே வரும்படி பிடித்துக்கொள்ளுங்கள். பழுப்பு வயர் வலது பக்கம், ஃப்யூஸ் இருக்கும் இடத்தில். நீலம் இடது பக்கம். பச்சை-மஞ்சள் மேலே, அதுதான் எர்த். ஊர் மிக்சியில் சிவப்பு, கறுப்பு, பச்சை இருந்தால் அதே வரிசைதான். எர்த் வயரை மட்டும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், யாராவது பிடித்து இழுத்தால் அது கடைசியாகக் கழல வேண்டும். உள்ளே இருக்கும் பிடி, வயரின் வெளி உறையைக் கவ்வியிருக்க வேண்டும். வண்ண வயர் வெளியே தெரிந்தால் மறுபடி செய்யுங்கள்.

வந்த புதிதில் நானும் ஒரு மெஷினின் பிளக்கை வெட்டினேன். வெட்டிய துண்டைத் தரையில் போட்டுவிட்டு வயரைச் சீவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மூன்று வயது மகன் அதைக் கையில் வைத்துக்கொண்டு சாக்கெட் பக்கம் போகிறான்! செருகியிருந்தால் வெட்டிய முனையில் 230 வோல்ட். அன்றிலிருந்து எதை வெட்டினாலும் முதல் வேலையாக ஃப்யூஸைப் பிடுங்கி, கம்பிகளைக் குறட்டால் வளைத்த பிறகுதான் குப்பையில் போடுகிறேன்.

அப்புறம், இரண்டு கம்பி பிளக்கைச் செருகுவதற்காக மேல் ஓட்டையில் பேனாவை விட்டு நெம்பும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே வேண்டாம். பெரும்பாலான சாக்கெட்டுகளில், நீளமான எர்த் கம்பி உள்ளே போனால்தான் கீழ் ஓட்டைகளின் மூடி திறக்கும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். அடுக்களை மேடையில் பதிக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கும் எண்ணம் இருந்தால், பெரும்பாலானவை 13 ஆம்பியருக்குள் அடங்காது. எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

மிக்சிக்கு வோல்டேஜ் பிரச்சினையே இல்லை, ஊரில் இருக்கும் அதே 230, 50 ஹெர்ட்ஸ். எப்போதாவது சட்னி மட்டும் அரைப்பதென்றால் நல்ல அடாப்டர் போதும். தினமும் அரைப்பதென்றால் பிளக்கை மாற்றிவிடுங்கள், ஆடுகிற அடாப்டர் சூடாகும். அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் பாவம், அங்கே வோல்டேஜ் வேறு என்பதால் மிக்சியை விடக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.