கேஷை விடுங்கள், ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள்

"நாலு டேப் திறந்தாலே குரோம் திணறுகிறது, கேஷ், ஹிஸ்டரி எல்லாம் அழித்தும் பலனில்லை, வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பலன் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஒரு தளத்தின் படங்களையும் கோப்புகளையும் மறுபடி மறுபடி இறக்காமல் இருக்கத்தானே பிரவுசர் அவற்றைக் கேஷில் சேர்த்து வைக்கிறது. அதை அழித்தால் அடுத்த தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்க வேண்டும், அதாவது இன்னும் மெதுவாகும். கூடவே குக்கீஸையும் டிக் செய்து அழித்திருந்தால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு பக்கம் உடைந்தமாதிரி தெரிந்தால் கேஷை அழிக்கலாம், தப்பில்லை. வேகத்துக்கு அது மருந்தில்லை.

மாமா எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பார். கம்ப்யூட்டர் ஒன்றுதான், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். ஒரு நாள் ஹால் டிக்கெட் எடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், குரோமோ டைப் அடித்த எழுத்தை நாலு விநாடி கழித்துத்தான் காட்டுகிறது. "மாப்ளே, பார்மட் அடிச்சிடலாமா?" என்று போன் செய்தார். கொஞ்சம் பொறுங்கள் மாமா என்று போய் உட்கார்ந்து முதலில் அழுத்தியது ஷிஃப்டும் எஸ்கேப்பும்தான். குரோமுக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் குரோம் பெயருக்குக் கீழே இருபது வரி வரும், எது எந்த டேப் என்று புரியாது. இதில் ஒவ்வொரு டேப்பும் எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் குட்டி ப்ரோகிராம்) பெயரோடு, எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு (கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரின் உழைப்பு) என்று வரிசையாக இருக்கும். சிபியு என்ற தலைப்பை ஒரு தடவை கிளிக் செய்தால் அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும்.

வந்து நின்றது ஒரு எக்ஸ்டென்ஷன். விண்ணப்பத்தில் ஏற்றும் போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்களே, அதற்காக யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன 'போட்டோ சைஸ் குறைப்பான்'. ஒரு போட்டோவும் திறக்கவில்லை, ஆனாலும் சிபியு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த வரியைத் தேர்ந்து 'எண்ட் ப்ராசஸ்' கொடுத்ததும் மின்விசிறி சத்தமே அடங்கிப்போனது. அப்புறம் எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போய் அதை ரிமூவ் செய்தோம், கூடவே இன்னும் ஏழெட்டு இருந்தது, மாமாவுக்கே எதற்கென்று தெரியாதவை, அவற்றையும்.

நீங்களும் அங்கேயே ஆரம்பியுங்கள். எட்ஜிலும் ஃபயர்பாக்ஸிலும் இதே ஷிஃப்ட் எஸ்கேப் வேலை செய்யும். குற்றவாளி சட்டென்று தெரியவில்லையென்றால் இன்காக்னிட்டோ விண்டோவில் அதே தளங்களைத் திறந்து பாருங்கள். நீங்களாக அனுமதி கொடுக்காதவரை அங்கே எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது, அதனால் அங்கே மட்டும் வேகமாக இருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன்தான் குற்றவாளி. எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஒவ்வொன்றாக ஆன் செய்து பார்க்க வேண்டியதுதான், போரான வேலை, பத்து நிமிடம் ஆகும்.

இன்னொன்று, நெட் மெதுவா பிரவுசர் மெதுவா என்று பிரித்துப் பாருங்கள். பக்கம் வெகுநேரம் வெள்ளையாக இருந்து பிறகு ஒரேயடியாக வந்தால் பெரும்பாலும் நெட் அல்லது அந்தத் தளத்தின் கோளாறு. ஸ்க்ரோல் விக்கி விக்கிப் போகிறது, டைப் அடித்தது தாமதமாக வருகிறது என்றால் உங்கள் கம்ப்யூட்டர். வீடியோவும் ஸ்க்ரோலும் மட்டும்தான் திக்குகிறதா? செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் என்றிருப்பதை மாற்றி, குரோமை ஒரு தடவை மூடித் திறந்து பாருங்கள். பழைய கிராபிக்ஸ் டிரைவர் இருக்கும் மெஷின்களில் ஆஃப் செய்தால் சரியாவதுண்டு, மற்றதில் ஆன் இருப்பதே நல்லது.

ரேம் 4 ஜிபிதான் என்றால் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவரை ஆன் செய்துவிடுங்கள். பார்க்காமல் கிடக்கும் டேப்பைத் தூங்க வைத்துவிடும், தொட்டால் மறுபடி லோடு ஆகும். ஒவ்வொரு தளத்தையும் தனி ப்ராசஸாக ஓட்டுவதுதான் குரோமின் வழக்கம். ஒன்று விழுந்தால் மற்றது விழாது என்பது லாபம், ரேம் கரைவது நஷ்டம். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் டிஸ்க்கை ரேம்மாதிரி பயன்படுத்த ஆரம்பிக்கும், அது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் தொலைந்தது, எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. மாமா கடையில் எக்ஸ்டென்ஷனை எடுத்த பிறகும் மிச்சமிருந்த மந்தம் எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) மாற்றிய பிறகுதான் போனது.

விண்டோஸ் 7 வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அதில் குரோம் 109ஆம் பதிப்போடு 2023லேயே நின்றுவிட்டது, புதிய தளங்கள் சில அதில் முக்கும். 'கிளீனர்', 'பூஸ்டர்' என்று எதையும் தயவுசெய்து இறக்காதீர்கள். ஷிஃப்ட் எஸ்கேப்பில் மேலே வரும் முதல் நாலு வரியையும் ரேம் எவ்வளவு என்பதையும் கமென்டில் போடுங்கள், பார்க்கிறேன்.