ஊர்த் தொட்டி உடைந்த கதை

அன்புள்ள ஐயா,

நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊர். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஓர் ஆங்கில வரியை, ‘மழையில் ஊர்த் தொட்டி உடைந்து வயல்கள் மூழ்கின’ என்று தமிழாக்கியிருந்தான். “வயலுக்குத் தண்ணீர் விடுகிற தொட்டி எந்த ஊரில் இருக்கிறது?” என்று என் மாமனார் சிரித்தார். டேங்க் என்றால் தொட்டிதானே, இல்லையென்றால் போர்க்களத்தில் ஓடும் டாங்கியா என்று பையன் மல்லுக்கு நிற்கிறான். எல்லாம் ஒரே சொல்லா? ஆங்கிலேயர் இதை நம்மிடமிருந்து எடுத்தார்கள் என்பது உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பையனைத் திட்டாதீர்கள். அவனுக்குத் தெரிந்த டேங்க் மொட்டைமாடியில் கறுப்பாக உட்கார்ந்திருப்பது.

எல்லாம் ஒரே சொல்தான். குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர்த்தேக்கத்துக்கு ஏறக்குறைய இதே ஒலியில் சொல் உண்டு. போர்த்துகீசியரும் நீரைத் தேக்கிவைக்கும் இடத்துக்கு இதுபோன்ற ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்கள். மேற்குக் கரையில் இரண்டும் கலந்த பிறகு, 17ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். குஜராத்திச் சொல்லுக்கு வேர் சம்ஸ்கிருத ‘தடாகம்’ என்பாரும் உண்டு. அப்படியானால் தடாகமும் டேங்கும் பங்காளிகள். ஆகவே ‘நம்மிடமிருந்து’ என்பதைப் பாதி ஒப்புக்கொள்ளலாம். சிறு ஏரியைக் குறிக்கும் நம்முடைய ‘தாங்கல்’தான் டேங்க் ஆனது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். காதுக்கு ஒன்றுபோல் கேட்பதெல்லாம் உறவாகிவிடாது.

டாங்கி வந்தது ஒரு பொய்யால். 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துத் தொழிற்சாலையில் அந்தக் கவச வண்டியைச் செய்தபோது, ரகசியம் வெளியே போகாமலிருக்க, மெசபடோமியாவுக்குத் தண்ணீர் சுமக்கும் வண்டி என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியது. அதற்குப் பிறகும் தண்ணீர்ப் பெயர் அதைவிட்டுப் போகவில்லை.

எனக்கு வருத்தம் டாங்கியின்மேல் இல்லை. செங்கல்பட்டு ஏரி, ராமநாதபுரத்துக் கண்மாய், குடிதண்ணீர் ஊருணி, கோயில் தெப்பக்குளம், நம் பாசனக் குளம் எல்லாவற்றுக்கும் வெள்ளைக்கார அதிகாரி ஒரே சொல்லை எழுதினார். இன்றைக்கும் பொதுப்பணித்துறை மொழியில் ஆற்றுக்கால்வாயால் நிறையும் குளம் ‘சிஸ்டம் டேங்க்’. வானம் பார்த்த மானாவாரிக் குளம் ‘நான் சிஸ்டம்’. சுத்தமல்லி அணையிலிருந்து கால்வாய் வழியாகத் தாமிரபரணித் தண்ணீர் வந்து சேரும் நெல்லை நயினார்குளத்தைப் போய் ‘சிஸ்டம்’ என்று கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை.

குளத்துக்குக் கரை உண்டு, மடை உண்டு, நிறைந்து மிஞ்சும் தண்ணீர் வழிய மறுகால் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் கலிங்கு என்பதை நாம் மறுகால் என்கிறோம். சீவலப்பேரிப் பக்கம் மறுகால்தலை என்று ஓர் ஊரே இருக்கிறது. கார்த்திகை மழையில் குளம் பெருகி மறுகால் பாய்ந்தால், கல்லைத் தாண்டி விழும் செம்மண் தண்ணீரைப் பார்க்கச் சனம் கரையில் நிற்கும். பிள்ளைகள் வேட்டியை விரித்து மீன் பிடிப்பார்கள். அந்தத் தண்ணீர் கீழே உள்ள அடுத்த குளத்துக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கும் அடுத்ததற்கு. மொட்டைமாடி டேங்குக்கு ஏது மறுகால்? நிரம்பி வழிந்தால் “மோட்டாரை நிறுத்து” என்று கத்துகிறோம், அவ்வளவுதான். இப்படித் தனியாக நிற்கும் ஒன்றின் பெயரை, ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் குளங்களுக்கு வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. அவற்றில் ஒன்றைத் தூர்த்தால் மேலும் கீழும் அடிவாங்கும். நெல்லையின் வேய்ந்தான்குளத்தைத் தூர்த்த இடத்தில்தான் நாம் இப்போது பஸ் ஏறுகிறோம்.

பையனை ‘குளம் உடைந்தது’ என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள். மாமனாரின் கேள்விக்கும் அவனிடம் ஒரு பதில் கொடுத்துவிடுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூரில், பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 1966இல் கட்டிய ஒரு பாலம் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. அதன் பெயர் தொட்டிப்பாலம்.

அன்புடன்.