ஏர்பிரஷ் (காற்றால் பெயின்டைத் தெளிக்கும் கருவி) இல்லாமல், பக்கத்தில் மாடல் கடையும் இல்லாமல், நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கான 1/12 அளவு பிளாஸ்டிக் மோட்டார் சைக்கிள் கிட்டை (பூட்டிச் செய்யும் பாகங்களின் பெட்டியை) நிஜ பைக் போலச் செய்ய முடியுமா?

முடியும். நானும் மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டுதான் செய்கிறேன். கேள்வியில் நீங்கள் பெயின்டைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், பைக் மாடலை நிஜமாகக் காட்டுவது பெயின்டின் மினுக்கம் இல்லை, வயர்கள்தான்.

கார் மாடலில் பாதி விஷயம் பொனட்டுக்குள் மறைந்துவிடும். பைக்கில் எஞ்சின், கார்பரேட்டர், செயின், பிரேக் குழாய் எல்லாமே வெளியே நிற்கின்றன. இங்கே வீட்டுக்கு வீடு முற்றத்தில் ஒரு பைக் நிற்பதால் நம் கண் அதற்கு நன்றாகப் பழகியிருக்கிறது. ஒரு கேபிள் தடிப்பாக இருந்தால் என்ன பிழை என்று சொல்லத் தெரியாவிட்டாலும், பார்க்கிறவருக்கு அது பொம்மையாகத்தான் தெரியும்.

எனவே முதலில் அளவு. நிஜ பைக்கின் பிரேக் குழாய் ஏறக்குறைய 10 மி.மீ. தடிப்பு. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.8 மி.மீ. சொச்சம் வரும். கிளச் கேபிள் வெளி உறையோடு 5, 6 மி.மீ. என்றால் மாடலில் 0.5 மி.மீ. போதும். ஆனால் பல கிட்களில் எல்லாவற்றுக்கும் ஒரே தடிப்பில் ஒரு கறுப்பு வினைல் குழாயைத்தான் தருவார்கள். அதை அப்படியே பூட்டினால் கிளச் கேபிளும் பிரேக் குழாயும் ஒன்றுபோல நிற்கும்.

இதற்கு வெளிநாட்டிலிருந்து ஒன்றும் வரவழைக்கத் தேவையில்லை. இன்டர்நெட் இணைப்புக்கு இழுக்கும் லேன் வயரில் ஒரு முழத் துண்டு எங்காவது கிடைக்கும். அதைப் பிரித்தால் உள்ளே எட்டு மெல்லிய வயர்கள். தோலோடு ஒன்று 0.9 மி.மீ. அளவில் இருக்கும், அது பிரேக் குழாய்க்கு. தோலை உரித்தால் உள்ளே செப்புக் கம்பி 0.5 மி.மீ., அது கிளச், எக்சலேட்டர் கேபிள்களுக்கு. கறுப்பு பூசிவிட்டால் சரி. செம்பு வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும் என்பது பெரிய வசதி. தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) எல்லா அளவிலும் மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கிறது, ஆனால் அது பழைய சுருளுக்கே திரும்பத் திமிறும், பெயின்டும் நன்றாகப் பிடிக்காது. கேபிளுக்கு வேண்டாம்.

அடுத்தது, வயர் போகும் வழி. அதைப் படம் பார்த்துக் கற்பதைவிட ஒரு கராஜில் அரை மணி நேரம் நிற்பது மேல். எங்கள் பக்கத்துக் கராஜ் அண்ணன் ஒருநாள் ஒரு பழைய ஹோண்டா சிடி 125 பைக்கின் ஹேண்டிலைத் திருப்பிக் காட்டிச் சொன்னார்: "மனே, கேபிள் இறுக்கமா நின்டா, ஹேண்டில திருப்பக்குள்ள ரேஸ் தானா ஏறும்." ரேஸ் ஏறுவது என்றால் எஞ்சின் வேகம் கூடுவது. அதனால்தான் நிஜ பைக்கில் கேபிள்கள் ஹேண்டிலுக்கு முன்னால் தாராளமாக ஒரு வளைவு எடுத்துக்கொண்டு சேசிக்குள் போகின்றன. மாடல் செய்பவர்கள் பெரும்பாலும் வயரைக் குட்டையாக வெட்டிவிடுகிறார்கள். அந்தத் தளர்வான வளைவை விட்டுப் பாருங்கள், மாடல் ஸ்டார்ட் பண்ணலாம் போல ஆகிவிடும்! வயர் நுழையும் இடத்தில் ஊசியால் ஒரு புள்ளி குத்தி, வயரின் தடிப்புக்கு ஏற்ற சிறு துளைப்பானை விரலால் உருட்டித் துளை போடுங்கள். மிசின் வேண்டாம், பிளாஸ்டிக் உருகிவிடும்.

இனிக் கறுப்பு. பைக்கில் பாதி பாகங்கள் கறுப்பு, ஆனால் ஒரே கறுப்பு இல்லை. சேசிக்குப் பாதி மினுக்கம், ரப்பர் குழாய்களுக்கு மங்கல், சீற்றுக்கு இரண்டுக்கும் இடையில் ஒன்று. டயர் உண்மையில் கடும் சாம்பல். ஜப்பானிய மாடல் கம்பெனியான தமியாவின் பெயின்டில் எக்ஸ்-18 பாதி மினுக்கக் கறுப்பு, எக்ஸ்எஃப்-1 மங்கல் கறுப்பு, எக்ஸ்எஃப்-85 ரப்பர் கறுப்பு. இந்த மூன்று போத்தலும் ஒரு தூரிகையும் ஒரு முழு எஞ்சின் பகுதியையே மாற்றிவிடும். டயரின் நடுவில் ஓடும் அச்சுக்கோட்டை வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுங்கள். ஓடித் தேய்ந்த தோற்றம் இலவசமாகக் கிடைக்கும்.

சைலன்சர் பைப்பில் சூட்டு நிறம் கொடுக்க ஆசை வரும். வரிசை முக்கியம்: எஞ்சினை ஒட்டிய முதல் வளைவில் நீலம், பிறகு ஊதா, தள்ளிப் போகப் போக வைக்கோல் மஞ்சள். தமியாவின் கண்ணாடி நீலத்தையும் கண்ணாடி ஆரஞ்சையும் (அடி நிறம் தெரியும் பெயின்ட்கள்) மிக மெல்லிதாகப் பல தடவை பூசினால் வரும். கடல் பக்கத்து பைக்குகளில் ஸ்போக் முனையிலும் ஸ்டாண்ட் ஸ்பிரிங்கிலும்தான் முதலில் துருப் பிடிக்கிறது. மாடலிலும் துருவை அங்கே மட்டும் வையுங்கள். பெட்ரோல் தாங்கி முழுக்கத் துரு பூசுவது எனக்குப் பிடிப்பதில்லை, ஓடுகிற பைக் அப்படி இருக்காது.

தாங்கிக்கு ஸ்பிரே டின் போதும். ஆனால் நம் காலநிலையைப் பார்த்து அடிக்க வேண்டும். மாரி காலத்தில் லாக்கர் (தின்னரில் கரைந்து சீக்கிரம் காயும் பெயின்ட்) ஸ்பிரே அடித்தால், தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும், பெயின்ட் வெண்மையாகப் பூத்துவிடும். வறண்ட கச்சான் காற்றில் நேர்மாறு. பெயின்ட் பாகத்தில் படுவதற்குள்ளேயே காய்ந்து சொரசொரப்பாகிவிடும், தூசியும் ஒட்டும். மழை இல்லாத காலத்தில், காற்று எழும்பும் முன் காலையில் அடியுங்கள். லாக்கருக்கு மேல் எனாமல் (மெதுவாகக் காயும் எண்ணெய் பெயின்ட்) பூசலாம், எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தால் பெயின்ட் வெடிப்பு விடும்.

பசையில் ஒரு விஷயம் மட்டும். மாடல் சிமென்ட் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவது. இடையில் பெயின்டோ குரோமோ இருந்தால் பிடிக்காது, ஒட்டும் இடத்தைச் சுரண்டிவிட வேண்டும். ஹெட்லைட் கண்ணாடிக்கு சூப்பர் குளூ கிட்டவே கொண்டுபோக வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியை மங்கலாக்கும். வெள்ளை மரப்பசை நல்லது.

நீங்கள் எந்த கிட் வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. முழு ஃபேரிங் (எஞ்சினை மூடும் வெளி உறை) உள்ள ரேஸ் பைக் என்றால் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதில் பெரிய பரப்பைப் பிசிறில்லாமல் பூச வேண்டும், வளைவுகளில் ஸ்டிக்கர் படிய வைக்க வேண்டும், அத்தனையும் செய்த பிறகு எஞ்சின் மறைந்துவிடும். தமியாவின் ஹோண்டா சிபி750எஃப் போன்ற திறந்த பைக்கில் ஸ்பிரே அடிக்க வேண்டிய பெரிய பாகங்கள் தாங்கியும் பக்க மூடிகளும் பின்பகுதியும்தான், மற்றதெல்லாம் தூரிகை வேலை. அதுவும் கூடுதலாகத் தெரிந்தால் ஃபுஜிமியின் சூப்பர் கப் 110 இருக்கிறது. நிறத்தோடு வார்த்து வரும், பசை இல்லாமலே பூட்டலாம். அதில் வயர்களை மட்டும் மாற்றிச் செய்து, படத்தைக் கீழே போடுங்கள். கேபிள் போகும் வழி சரியா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.