அடிக்காமல் போராடினால் அரசு எப்படிப் பணியும்?

“திருப்பி அடிக்காமல் ஊர்வலம் போனதால் வெள்ளைக்காரன் பயந்துவிட்டானா?” என்ற கேள்விக்கு வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகமே நல்ல பதில்.

வெள்ளைக்காரன் போட்ட உப்பு வரியை எதிர்த்து, 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யம் கடற்கரைக்கு உப்பு அள்ள நடக்கத் தொடங்கினார்கள். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். சரி, நேரில் கொடுத்தால்தானே குற்றம்? வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டியது என்று போலீஸ் யாரைப் பிடிக்கும்? எனக்கு உப்பு அள்ளியதைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. ஒரு கலெக்டரின் உத்தரவை ஊர் ஊராகச் சனங்கள் செல்லாக்காசாக்கிவிட்டார்கள்.

அகிம்சைப் போராட்டத்தின் சூட்சுமமே இதுதான். இவ்வளவு பெரிய நாட்டைக் கொஞ்சம் ஆங்கிலேயர்கள் ஆண்டது துப்பாக்கியால் மட்டுமல்ல. நம் ஆட்களே வரி கட்டி, வேலை பார்த்து, கீழ்ப்படிந்ததால்தான். அதை நிறுத்தினால் நிர்வாகம் ஆட்டம் காணும். கையில் ஆயுதம் இருந்தால் சுடக் காரணம் கிடைத்துவிடும். வெறும் உப்பு வைத்திருப்பவரை அடித்தால் அடித்தவருக்குத்தான் அவமானம்.

ஏப்ரல் 30 அன்று சட்டத்தை மீறி உப்பு அள்ளிய ராஜாஜி சிறைக்குப் போனார். உடனே எதுவும் மாறிவிடவில்லை. 1931 காந்தி–இர்வின் ஒப்பந்தம் கடலோர மக்கள் சொந்தத் தேவைக்கு உப்பு எடுக்க அனுமதித்தது. உப்பு வரி ஒழிந்தது 1947-ல்தான்.