வீட்டின் மீது கடன் வாங்கி டாக்டராக்க வேண்டாம்

பினாங்கு மாநிலத்தின் பிறை நகரிலிருந்து ஒரு தாயார் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மகன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டான். கணிதம் நன்றாக இருக்கிறது, உயிரியல் பரவாயில்லை, வேதியியலில் மூச்சு வாங்கித்தான் கரையேறியிருக்கிறான். பெரியப்பா மகள் டாக்டர். "அவள் படிக்கவில்லையா, இவனுக்கு மட்டும் என்ன?" என்று குடும்பமே கேட்கிறதாம். வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டின் மீது மறுகடன், அப்பாவின் சேமநிதி என்று பேச்சு ஓடுகிறது. பையனோ செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் சீருடையைக் கழற்ற மறுக்கிறான். "முதலுதவி, முதலுதவி என்று அதையே கட்டிக்கொண்டு அழுகிறான். அதெல்லாம் ஒரு பிழைப்பா? நீங்கள்தான் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற தவிப்பில்தான் எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது புத்தி சொல்ல வேண்டியது பையனுக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்களோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பணம். உங்கள் கணவருக்கு வயது 52 என்கிறீர்கள். அடித்தளப் படிப்பு ஒரு வருடம், மருத்துவம் ஐந்து வருடம், பட்டம் பெற்றபின் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக வேலை செய்யும் ஹவுஸ்மேன்ஷிப் இரண்டு வருடம். பையன் முழு டாக்டராக நிற்கும்போது அப்பாவுக்கு 60. சட்டப்படி ஓய்வு வயது. அதாவது அவர் தொழிற்சாலையில் உழைக்கக்கூடிய கடைசி எட்டு வருடமும் கடனுக்கே போய்விடும். உள்நாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களில் மருத்துவப் படிப்புக்கு மூன்று லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆவது சர்வசாதாரணம். வெளிநாட்டில் மலிவு என்று ஏஜென்ட் சொல்லும் தொகையில் விமானச் செலவும் சாப்பாடும் வெள்ளியின் மதிப்பு இறங்கினால் வரும் இடியும் இருக்காது. அந்தப் பல்கலைக்கழகம் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லையென்றால், திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். ஏஜென்ட் இதைச் சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அப்படிப் படித்து வந்தாலும் "டாக்டர் என்றால் அரசாங்கத்தில் நிரந்தர வேலை" என்ற காலம் போய்விட்டது. 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் நிரந்தர வேலை கேட்டுக் கறுப்பு உடையில் மருத்துவமனை வாசல்களில் வந்து நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். பிறகு நிரந்தர இடங்கள் கூடியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பெரியப்பா மகள் சேர்ந்த காலத்துக் கணக்கை வைத்து உங்கள் வீட்டை அடமானம் வைக்கக் கூடாது.

படிவம் மூன்றில் ஒரு மகளும் இருக்கிறாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வீட்டையும் சேமநிதியையும் அண்ணனுக்கே கரைத்துவிட்டால் அவள் படிப்புக்கு என்ன மிஞ்சும்? இதை வீட்டில் யாராவது வாய்விட்டுக் கேட்டார்களா?

இனிப் பையன். உங்கள் கடிதத்தில் புகாராக ஒன்று எழுதியிருக்கிறீர்கள். தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் உங்களோடு படியேறாமல் முதலுதவிக் கூடாரத்திலேயே இருந்துவிட்டான். கூட்டத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தது. சாவிக்கொத்தைக் கையில் வைக்க வந்த உறவுக்காரப் பெரியவரை "வேண்டாம் ஐயா, தள்ளி நில்லுங்கள்" என்று தடுத்தான். மடித்த துண்டை அந்த மனிதரின் தலைக்கு அடியில் செருகிவிட்டு, அவரைப் பிடித்துக்கூடப் பார்க்காமல், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொந்தக்காரர் முன்னால் அவமானமாகிவிட்டது என்கிறீர்கள்.

அவன் செய்தது அத்தனையும் சரி. வலிப்பில் துடிப்பவரை அமுக்கிப் பிடித்தால் எலும்பு முறியும், தோள் விலகும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. பல் உடையும், மூச்சுக்குழல் அடைக்கும். இரும்பால் வலிப்பு நிற்காது. தலை தரையில் மோதாமல் பார்க்க வேண்டும், சுற்றியுள்ள பொருள்களை விலக்க வேண்டும், துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து எச்சிலை வெளியே வழிய விட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தது அலட்சியத்தால் இல்லை. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது உயிருக்கு ஆபத்தான அவசரம், ஆம்புலன்ஸ் வந்தே ஆக வேண்டும். சுற்றி நிற்பவர்கள் "அரை மணி நேரமா துடிக்கிறார்" என்பார்கள். மருத்துவமனைக்குச் சரியான நேரத்தைச் சொல்ல ஒருவர் வேண்டும். பதினேழு வயதில், பறையும் உறுமியும் முழங்கும் கூட்டத்தில், பெரியவர் அதட்டியும் கை நடுங்காமல் இதைச் செய்திருக்கிறான். இந்தக் குணத்தைப் பயிற்சியால் உண்டாக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது அவசரப் பிரிவில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம்., அதோடு தாதியர் படிப்பு, பார்மசி பற்றியெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வருவது யாரும் உங்களிடம் சொல்லாத வழி. உதவி மருத்துவ அதிகாரி. மருத்துவமனையில் எம்.ஏ. (மெடிக்கல் அசிஸ்டென்ட்) என்பார்கள், முந்தைய தலைமுறைக்கு எச்.ஏ. (ஹாஸ்பிட்டல் அசிஸ்டென்ட்). உங்கள் மாமியார் தோட்டத்தில் வளர்ந்தவர் என்றால் அவரிடம் கேளுங்கள், தோட்டத்து டிரெஸர் ஐயாவைப் பற்றிச் சொல்வார். பாம்புக் கடிக்கும் பிரசவத்துக்கும் வெட்டுக்காயத்துக்கும் நடுராத்திரியில் கதவைத் தட்டினால் எழுந்து வந்தவர். அந்த வேலையின் இன்றைய வடிவம்தான் இது.

மூன்று வருட டிப்ளோமா. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் படிக்கலாம். சிரம்பானில் உள்ளது பழையது, பேர் பெற்றது. அங்கே இடம் கிடைத்தால் உங்கள் கையிலிருந்து போகும் பணம் மிகக் குறைவு. எஸ்.பி.எம்.மில் மலாய், கணிதம், ஒரு அறிவியல் பாடம் உட்பட ஐந்து கிரெடிட், ஆங்கிலத்தில் தேர்ச்சி என்பது பொதுவான தகுதி. அந்தந்த ஆண்டு விளம்பரத்தில் வரும் நிபந்தனையை வரி விடாமல் படியுங்கள். உங்கள் மகனுக்கு இது இப்போதே கையில் இருக்கிறது. படித்து முடித்தால் 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவ உதவியாளர் வாரியத்தில் பதிவு. பதிவு பெற்றவர் சட்டம் அங்கீகரித்த சுகாதார நிபுணர்.

என்ன படிப்பான்? உடற்கூறு, மருந்தியல், நோய் அறிதல் எல்லாம் உண்டு. பாதிக் காலம் வார்டில் நிற்க வேண்டும். அவசரப் பிரிவில் நோயாளி வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிப்பது பெரும்பாலும் இவர்கள்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் அங்கிளைச் சிவப்புக்கு அனுப்ப வேண்டும், விரல் வெட்டுப்பட்டுக் கத்துகிறவரைப் பச்சையில் காத்திருக்கச் சொல்ல வேண்டும். அந்த முடிவை எடுக்கச் சில நொடிகள்தான். ஊசிக்குழாய் ஏற்றுவது, இ.சி.ஜி. எடுத்துப் படிப்பது, மூச்சு நின்றவருக்குப் பையை அழுத்திக் காற்று கொடுப்பது, தையல் போடுவது, முறிந்த காலுக்கு மாவுக்கட்டுப் போடுவது, கழுத்து அசையாமல் விபத்தில் சிக்கியவரைப் பலகைக்கு மாற்றுவது என எல்லாம் கையால் செய்து பழக வேண்டியவை.

மார்பை அழுத்தும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு அழுத்தமும் ஐந்து சென்டிமீட்டர் ஆழம், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. சொல்ல எளிது. பொம்மை மீது செய்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தோள் கடுக்கும், அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுகிறார்கள். முழங்கை மடங்கினால் ஆழம் குறையும். மார்பு முழுதாக மேலே எழும்ப விடாவிட்டால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. இதயம் நின்றவருக்கு இந்த அழுத்தமும் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் மாலை நெரிசலில் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து சரிந்தால், 999-க்கு அழைத்து, அழைப்பு மருத்துவமனை ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போய், வண்டி கிளம்பி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்கிடுங்கள். அந்த வண்டியில் முதலில் இறங்குகிறவர் பெரும்பாலும் உதவி மருத்துவ அதிகாரி. அங்கே டாக்டர் இருக்க மாட்டார்.

அனுபவம் சேர்ந்த பிறகு அவசரச் சிகிச்சையில் பின்-டிப்ளோமா பயிற்சி இருக்கிறது, பட்டப்படிப்புக்கும் வழி உண்டு. அரசாங்க மருத்துவமனை, கிராமப்புறக் கிளினிக், டயாலிசிஸ், ராணுவம், சிறைச்சாலை, தொழிற்சாலை, கடலில் உள்ள எண்ணெய் மேடை வரை இவர்கள் தேவைப்படுகிறார்கள். உறவினர்களுக்கு இது தெரியாமல் இருப்பதில் வியப்பில்லை. டாக்டர்களுக்கே அவசர மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக இந்நாட்டில் வந்தது 1998-இல்தான், யுனிவர்சிட்டி சைன்ஸ் மலேசியாவில். இளம் துறை, இன்னும் வளரும்.

தம்பி, இதை நீயும் படிப்பாய் என்று நினைக்கிறேன், அதனால் உனக்கும் சில வார்த்தை. சைரன் சத்தத்துக்காக இந்த வேலைக்குப் போகாதே. ராத்திரி ஷிப்ட், தீபாவளியன்று டியூட்டி, ஐந்து மாடி ஏறி நூறு கிலோ மனிதரைத் தூக்கி இறக்குவது, எவ்வளவு அழுத்தியும் எழாத குழந்தை என்று எல்லாம் இதில் அடங்கும். மலாய் தடுமாறக் கூடாது. மருத்துவமனையில் எழுதுவதும் பேசுவதும் அதில்தான், நேர்முகத் தேர்வும் அதில்தான். இரண்டு நாள் முதலுதவிச் சான்றிதழைக் காட்டி "பாராமெடிக் வேலை" என்று தனியார் ஆம்புலன்ஸுக்கு ஆள் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் எல்லாரும் வைத்திருக்க வேண்டிய நல்ல பொருள், தொழிலுக்குப் போதாது. வாரியப் பதிவு இல்லாமல் இதில் காலூன்றாதே. பின்னால் டாக்டருக்குப் படிக்கும் குறுக்கு வழியாகவும் இதை நினைக்காதே. அப்படி நினைத்தால் மூன்று வருடமும் வேண்டாவெறுப்பாகப் போகும்.

முடித்த உடனே நிரந்தரப் பணி என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், சகோதரி. இங்கேயும் ஒப்பந்தம் இருக்கலாம். ஆனால் இருபத்தொரு வயதில், கடன் இல்லாமல், பதிவோடு, தனக்குப் பிடித்த வேலையில் நிற்பான். கடனோடு இருபத்துநான்கு வயதில் ஹவுஸ்மேன் இடத்துக்குக் காத்திருப்பதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அமைச்சுக் கழகத்தில் இடம் கிடைக்காமல் தனியார் கல்லூரிக்குப் போக நேர்ந்தால் கட்டணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: டிப்ளோமாவை வாரியம் ஏற்கிறதா, எந்த மருத்துவமனையில் களப்பயிற்சி, போன வருடம் எத்தனை பேர் தேறினார்கள். பதில் எழுத்தில் வரட்டும். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். பையன் பெயரிலேயே இருக்கட்டும், அப்பாவின் சேமநிதி தொடப்படக் கூடாது.

வங்கிப் பாரத்தில் உங்கள் கணவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போட வேண்டாம். இடம் பிடித்து வைக்க ஏஜென்ட் கேட்ட முன்பணத்தையும் கொடுக்காதீர்கள். பெரியப்பா கோபித்துக்கொண்டால் அவரையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வாருங்கள், கணக்குத் தாளை மேசையில் விரித்து வைத்துப் பேசுவோம்.